ஐயத்தோடு வருபவரிடம் எப்படிப் பேசுவது?

நம்பிக்கை தளர்ந்த ஒருவரோடு பேச, திருகோணமலைக் கோணேசர் கோயில் வாசலையோ உறவினர் கூடிய வீட்டையோ தேர்ந்தெடுக்காமல், மாலையில் கடற்கரையோரம் நடந்தபடி தொடங்குங்கள். முகம் பார்க்காமல் நடக்கையில், தயங்கியவையும் மெல்ல வெளிவரும்.

திருகோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோன்றியவை என்பது மெய்தானா என்று தம்பி கேட்டால், நிலத்தடி வெப்பமே நீரைச் சூடாக்குகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, அம்மாவின் அந்தியேட்டி என்னும் ஈமச்சடங்கன்று அந்தக் கிணற்றின் வாளி நீர் தலையில் விழுந்தபோது மனத்தில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதன்பின் வரும் மௌனத்தை அறிவுரையால் நிரப்பாதீர்கள்.

வேற்றுச் சமய நண்பரிடம், அவருடைய வேதம் சொல்வதை விசாரிப்பதைவிட, அவருக்கு எப்போது தொழ மனம் வராமல் போனது என்று கேளுங்கள். உங்களுக்கு அப்படி நேர்ந்த நாளையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.