ஊட்டியிலிருந்து லண்டன்: வான்தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

நீலகிரியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. கோவைக்கோ பெங்களூருக்கோ இறங்கித்தான் ஏற வேண்டும். எனவே கணக்கு இரண்டு: வானத்தில் ஒன்று, மலைப்பாதையில் ஒன்று.

முதலில் வான்தூரம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தவறும். பூமி உருண்டை, விமானம் அதன் வளைவை ஒட்டிப் பறக்கிறது. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு 13.20 வடக்கு, 77.71 கிழக்கு, லண்டன் ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. 13 டிகிரி 12 நிமிடம் என்று கிடைத்தால் அது 13.12 அல்ல, 12-ஐ 60-ஆல் வகுத்து 13.20.

கால்குலேட்டரை டிகிரி மோடில் வையுங்கள். கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருந்தால் விடை அபத்தமாக வரும்.

இரு அட்சரேகைகளின் சைன் (sin) மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2284 × 0.7823 = 0.1787. அடுத்து அவற்றின் காஸ் (cos) மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்பையும் பெருக்குங்கள்: 0.9736 × 0.6229 × 0.2052 = 0.1244. கூட்டினால் 0.3031, அதன் காஸ் இன்வர்ஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) 72.36 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. வீதம் சுமார் 8,045 கி.மீ. லண்டன் மேற்கில் இருப்பதால் வித்தியாசம் 77.71 + 0.45. கழித்துவிட்டால் 60 கி.மீ. குறைந்துவிடும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் அரை சதவீதம் வரை பிசகலாம், அது போகட்டும்.

நேரத்துக்கு, தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்கள்: கிட்டத்தட்ட 10 மணி. மேற்கே போகும்போது எதிர்க்காற்று. இன்னொரு அரை மணி. வான்வெளி மூடல் இருந்தால் சுற்றுப்பாதை, இன்னும் கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது அப்படித்தான் ஆனது. நடுவில் வேறு ஊரில் விமானம் மாறினால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 7-க்குக் கிளம்பி பகல் 12-க்கு லண்டன் என்றால் 5 மணி நேரப் பயணம் அல்ல. குளிர்காலத்தில் ஐந்தரை மணி கூட்டுங்கள்: பத்தரை. கோடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்வதால் நாலரைதான் கூட்ட வேண்டும்.

பலரும் சறுக்குவது மலைப்பாதைக் கணக்கில்தான். ஊட்டியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 300 கி.மீ., 7 முதல் 8 மணி நேரம். காலை 7 மணி விமானத்துக்கு 4 மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று பின்னோக்கி எண்ணினால் இரவு 8 மணிக்குப் புறப்படலாம் என்று தோன்றும். ஆனால் முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்! கூடலூர் வழியே போனால் மாலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். தமிழக–கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடியை 9-க்கு முன்பே தாண்டியாக வேண்டும். ஆக புறப்பாடு வரை 13 மணி, வானில் பத்தரை, லண்டனில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை: மொத்தம் 25 மணி.

கோவை வழியென்றால் பீளமேடு விமான நிலையம் வரை 3 மணி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரியும். அப்போது கோத்தகிரி வழியை மனதில் வைத்து 2 மணி கூடுதலாகப் போடுங்கள்.