வேங்கை என்று வாங்கிய பலகை வேங்கைதானா? நாமே பார்த்துவிடலாம்

மரவாடியில் வேங்கை என்று சொல்லி ஒரு பலகை தந்தார்கள். இலை, பூ, காய் எதுவும் இல்லை, வெறும் பலகை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். பாலிஷ் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தேவையானவை: புது பிளேடு, நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், கண்ணாடி டம்ளர், சமையலறைத் தராசு.

1. குறுக்குவெட்டைச் சீவுங்கள். அடையாளமெல்லாம் பலகையின் முனையில்தான் இருக்கிறது. ரம்பம் அதை நசுக்கி வைத்திருக்கும். தண்ணீர் தடவி, நகத்தளவு இடத்தை பிளேடால் ஒரே இழுப்பில் மெல்லியதாகச் சீவுங்கள். உப்புத்தாள் வேண்டாம். நான் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன், தூள் போய்த் துளைகளை அடைத்ததுதான் மிச்சம்.

2. லென்ஸில் பாருங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பலகையை அருகில் கொண்டுவாருங்கள். துளைகளே தெரியாவிட்டால் பைன், தேவதாரு வகை. வளையமே இல்லாமல் புள்ளி புள்ளியாக இருந்தால் பனை அல்லது தென்னை. ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நின்று, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் வாடையும் இருந்தால் பெரும்பாலும் தேக்குதான்.

என் பலகையில் பெரிய துளைகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வட்டம், விழியைச் சுற்றிய வெள்ளை மாதிரி. அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. வாகை, தூங்குமூஞ்சி மரங்களில் இப்படி இருக்கும். வேங்கையில் அந்த வெளிறல் சிறகு போல நீண்டு, நெளிநெளியான கோடுகளாகச் சேரும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரும், அதனால் அடுத்த சோதனை.

3. தண்ணீரில் ஊறப் போடுங்கள். வைரப்பகுதியில், அதாவது மரத்தின் நடுவே நிறம் அடர்ந்த பகுதியில், சீவிய சுருள்களைக் கண்ணாடி டம்ளரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். வேங்கை என்றால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். வெயிலில் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் நீல மினுக்கம் தெரியும். சர்க்கரைக்கு நல்லது என்று விற்கிறார்களே வேங்கை டம்ளர், அதிலும் இதே சங்கதிதான். என் டம்ளரில் லேசான கலங்கல், அவ்வளவே.

4. எடை போடுங்கள். நன்றாகக் காய்ந்த துண்டை 10 × 5 × 2 செ.மீ. அளவில் வெட்டினால் சரியாக 100 கன செ.மீ. வேங்கை சுமார் 80 கிராம் நிற்கும், தூங்குமூஞ்சி 50, 60க்குள் அடங்கும். ஈரக்கட்டையில் இந்தக் கணக்கு எடுபடாது. என்னுடையது 56.

பெரிய பணம் சம்பந்தப்பட்டிருந்தால் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம்.

5. மரம் நின்ற இடத்தைக் கேளுங்கள். முடிந்தால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வாகை நெற்று தட்டையாக, காய்ந்து சலசலக்கும். தூங்குமூஞ்சிக் காய் கறுத்து, தடித்து, உள்ளே இனிப்புப் பசையோடு இருக்கும். நான் போனபோது அடிக்கட்டையைச் சுற்றி நாலு ஆடுகள் அந்தக் காயைத்தான் மென்றுகொண்டிருந்தன.