வெளிநாட்டில் படிக்கும்போது அரண்மனை, அருங்காட்சியகம் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து மேல்படிப்புக்கு ஐரோப்பா போகும் பிள்ளைகள் ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் பட்டியல் போடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்.

நான் செய்த முதல் தவறு, கிழமை பார்க்காதது. ஆசையாக ரயிலேறிப் போய், பூட்டிய அரண்மனை வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பது போல அங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. பாரிஸில் லூவருக்குச் செவ்வாய், வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையின் அரசவை அறைகளைப் பெரும்பாலும் கோடையில்தான் திறப்பார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அவர்களுடைய இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பணம். பிரான்ஸில் நீண்டகால விசாவில் படிக்கும் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு லூவர், ஓர்சே போன்ற தேசிய அருங்காட்சியகங்கள் இலவசம். விசா உள்ள பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டு வந்து முழுக் கட்டணம் கட்டினால் நமக்குத்தான் நஷ்டம். இலவசம்தானே என்று லூவருக்கு நேரம் முன்பதிவு செய்யாமலும் போகாதீர்கள். ஸ்பெயினில் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் கடைசி இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசம். ஆனால் உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது. மற்ற இடங்களிலும் ஃபிளாஷ் போடாதீர்கள், முதுகுப் பையை லாக்கரில் வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பது பெரிய தவறு. லூவரில் ஏறத்தாழ 35,000 பொருள்கள் பார்வைக்கு உள்ளன. ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் நான்கு நாள் இரவு பகலாக நடக்க வேண்டும். இரண்டு கூடம் போதும். ஒரு ஓவியத்தின் முன் கால் மணி நேரம் உட்காருங்கள்.

சரி, இனி என் மனதுக்கு நெருக்கமான விஷயம். நம் மண்ணோடு தொடர்புள்ள பொருள் அங்கே இருப்பது தெரியாமல் கடந்து போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில் ஏறியிருப்பீர்கள். ஹைதர் அலி, திப்பு கையிலிருந்த கோட்டை அது. நம் இரண்டு மாவட்டங்களின் பெரும்பகுதி அடங்கிய பாராமகால், 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில்தான் ஆங்கிலேயர் வசம் போனது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய அரண்மனைப் பொருள்கள் கப்பலேறின. ஒரு வெள்ளைக்காரனைப் புலி கடித்துக்கொண்டிருக்கும் மரப் பொம்மை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் இசைக்கருவியே உண்டு. அவர் சிம்மாசனத்தின் தங்கப் புலித்தலை விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அந்தக் கோட்டைக்குச் செவ்வாய், புதன் விடுமுறை.

அதனால் விமானம் ஏறுவதற்கு முன் மலைக்கோட்டையை ஒருமுறை ஏறிப் பாருங்கள். அப்படியே கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களையும் பார்த்துவிடுங்கள். கல்லில் செதுக்கிய வீரனை நிதானமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்குள்ள சிலைகள் அந்நியமாகத் தெரியாது. அப்புறம் லண்டனில் திப்புவின் புலியைப் பார்க்க வெள்ளிக்கிழமை மாலை போங்கள். அன்று இரவு 10 மணி வரை திறந்திருக்கும், கட்டணமும் கிடையாது.