கேரவனில் இருவழி ரேடியோ ஆன்டெனா பொருத்துவது எப்படி?

காரின் கூரையில் காந்த அடித்தளம் கொண்ட ஆன்டெனாவை வைத்து, கேபிளைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். கேரவனில் அப்படி முடியாது. பெரும்பாலான கேரவன்களின் கூரை ஃபைபர்கிளாஸால் ஆனது, அல்லது பிளைவுட்டின் மீது ரப்பர் விரிப்பு ஒட்டப்பட்டது. அதில் காந்தம் ஒட்டாது என்பது சிறிய சிக்கல்தான். ஆன்டெனா வேலை செய்யத் தேவையான மறுபாதியே அங்கு இல்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

வாகனங்களில் வழக்கமாகப் பொருத்தப்படும் கால் அலைநீள ஆன்டெனா (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு நீளமுள்ளது), தனக்குக் கீழே விரிந்திருக்கும் உலோகப் பரப்பைத் தன் மறுபாதியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்தப் பரப்புக்கு கிரவுண்ட் பிளேன் என்று பெயர். அது இல்லாதபோது, ரேடியோ அனுப்பும் திறனில் ஒரு பகுதி காற்றில் பரவாமல் திரும்பி வருகிறது; கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெளிப்புறக் கம்பிப் பின்னலும் ஆன்டெனாவைப் போல அலைவீசத் தொடங்கி, கையில் பிடித்திருக்கும் மைக் வரை தொல்லை தருகிறது. எனவே எதையும் வாங்குவதற்கு முன், இந்த மறுபாதியை எங்கிருந்து பெறப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

படி 1: ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தல்

27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், அதாவது பொதுமக்களுக்கான அலைவரிசை) ரேடியோவின் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால் பங்கு என்றாலே 2.7 மீட்டர் ஆகிவிடும். ஏற்கெனவே உயரமான வண்டியின் கூரைமேல் அவ்வளவு நீளமான கம்பியை நிறுத்த முடியாது என்பதால், கம்பிச் சுருள் சேர்த்துக் குட்டையாக்கப்பட்ட ஆன்டெனாக்களே சிபிக்குப் பயன்படுகின்றன. கேரவனுக்கென்றே கிரவுண்ட் பிளேன் தேவைப்படாத தொகுப்புகளும் விற்கப்படுகின்றன. சிபி வைத்திருப்பவர்கள் அதையே வாங்குவது நல்லது. இத்தகைய தொகுப்புகளில் உடன் வரும் கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பாகமாகவே வடிவமைக்கப்பட்டிருப்பதால், மிச்சமிருக்கிறதே என்று அதை வெட்டவோ, வேறு கேபிளை மாற்றவோ கூடாது.

146 மெகாஹெர்ட்ஸ் போன்ற விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலைவரிசைகளில் கால் அலைநீளம் சுமார் 50 சென்டிமீட்டர். 460 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய யுஎச்எஃப்பில் (அதைவிடவும் உயர்ந்த அதிர்வெண்) 16 சென்டிமீட்டர் மட்டுமே. இங்கு இரண்டு வழிகள் உள்ளன: உலோகப் பரப்பு இல்லாமலே இயங்கும் அரை அலைநீள ஆன்டெனாவை வாங்கலாம், அல்லது ஆன்டெனாவின் அடியிலிருந்து எல்லாத் திசைகளிலும் கால் அலைநீளம் விரியுமாறு ஒரு அலுமினியத் தகட்டைக் கூரையில் பதிக்கலாம். யுஎச்எஃப்புக்கு 35 சென்டிமீட்டர் அகலத் தகடு போதும் என்பதால் அது எளிது. விஎச்எஃப்புக்கு ஒரு மீட்டர் அகலத் தகடு வேண்டும். ஏசி, சோலார் பேனல், காற்றுத் திறப்பு எல்லாம் போக அவ்வளவு இடம் மிஞ்சுவது அரிது. ஆகவே புதியவர்களுக்கு அரை அலைநீள ஆன்டெனாவையே பரிந்துரைப்பேன். எந்த அலைவரிசையில், எத்தனை வாட்டில் பேசலாம், அதற்கு உரிமம் தேவையா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: இடத்தை முடிவு செய்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து கூரையின் மிக உயரமான பகுதி வரை அளந்து, அதனுடன் ஆன்டெனா சேர்க்கும் உயரத்தையும் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். பாலங்களுக்கும் மரக்கிளைகளுக்கும் அடியில் செல்லும்போது இந்த எண்தான் உதவும். ஆன்டெனா கூரையைவிட அதிகமாக உயர்ந்து நின்றால், மடித்து வைக்கக்கூடிய தாங்கியையோ அடியில் ஸ்பிரிங்கையோ சேர்க்க வேண்டும். மின்கம்பிகளுக்கு அடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கூரையைத் துளைக்க விரும்பாதவர்களுக்குப் பின்பக்க ஏணியும், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் தாங்கியும் ஏற்ற இடங்கள். ஏணி அலுமினியக் குழாயால் ஆனதுதான் என்றாலும், அது ஃபைபர்கிளாஸ் சுவரில் திருகப்பட்டிருப்பதால் பெரும்பாலும் சேஸிஸுடன் (வண்டியின் அடிச்சட்டத்துடன்) எந்த மின்தொடர்பும் இல்லாமல் இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஏணியிலும் மறு முனையைச் சேஸிஸின் வெறும் உலோகத்திலும் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கிரவுண்ட் பிளேன் தேவைப்படும் ஆன்டெனாவாக இருந்தால், அகலமான செம்புப் பின்னல் பட்டையால், முடிந்தவரை குறைந்த நீளத்தில், இரண்டையும் இணைக்க வேண்டும். பெயின்ட்டின் மீது வைத்துத் திருகினால் தொடர்பு கிடைக்காது. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிய பிறகே திருக வேண்டும்.

படி 3: துளையிடுதலும் நீர்க்கசிவைத் தடுத்தலும்

கூரையில்தான் பொருத்தியாக வேண்டும் என்றால், அதற்கு நேர் கீழே உள்ள விளக்கைக் கழற்றி, உள்ளே ஒயரோ சட்டமோ ஓடுகிறதா என்று பாருங்கள். சுவரில் துளையிடும்போது கேஸ் குழாய் செல்லும் பாதையையும் கவனிக்க வேண்டும். முதலில் சிறிய டிரில் பிட்டால், அது ஆழமாக இறங்காதபடி டேப் சுற்றி அடையாளமிட்டுத் துளைத்துப் பார்த்த பிறகு பெரிதாக்குங்கள்.

தாங்கியின் அடியில் பியூட்டைல் டேப்பை (ஒட்டும் பசை போன்ற ரப்பர் பட்டையை) வைத்து இறுக்கி, பிதுங்கி வருவதை வழித்துவிட்டு, விளிம்புகளையும் ஒவ்வொரு திருகின் தலையையும் கேரவன் கூரைக்கான தானாகப் படியும் சீலன்ட்டால் மூடுங்கள். சாதாரண சிலிகான், ரப்பர் கூரையில் சரியாகப் பிடிக்காது. வினிகர் வாடை அடிக்கும் வகையோ செம்பையும் அரிக்கும். ரப்பர் கூரையைப் பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் துடைத்தால் விரிப்பே உப்பிக் கெட்டுவிடும் என்பதால், சோப்பு நீரால் கழுவி நன்றாகக் காயவிடுவதே பாதுகாப்பானது. ஆன்டெனா வேலை செய்யவில்லை என்றால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்; பிளைவுட்டுக்குள் இறங்கிய நீரை அப்படி எடுக்க முடியாது.

கேபிள் உள்ளே நுழைவதற்கு ஏற்கெனவே உள்ள திறப்பு ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். புதிதாகத் துளையிட நேர்ந்தால் மேல்மூடியுடன் கூடிய கேபிள் கிளாண்டைப் (கேபிளை நீர் புகாமல் உள்ளே விடும் பொருத்தியை) பயன்படுத்தி, அதன் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். நுழைவதற்கு முன் கேபிள் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 4: கேபிளும் கனெக்டரும்

50 ஓம் கோஆக்ஸ் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய பின்னலும் கொண்ட) கேபிள்தான் வேண்டும்; டிவிக்கான 75 ஓம் கேபிள் பொருந்தாது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 6 மீட்டர் நீளத்தில், 27 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபெல்லுக்கும் குறைவாகவே இழக்கும். அதே நீளம் யுஎச்எஃப்பில் சுமார் 2 டெசிபெல், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திறனை விழுங்கிவிடும். யுஎச்எஃப் ரேடியோவுக்கு எல்எம்ஆர்-240 போன்ற தடித்த கேபிள் தேவைப்படுவது இதனால்தான்.

கேபிளை ரேடியோவில் திருகும் பிஎல்-259 கனெக்டரை நீங்களே பற்றவைப்பதானால், வெளிப்பின்னலின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கியில் ஆன்டெனாவைத் திருகும் இடத்திலும் இதே கவனம் வேண்டும்: நடு போல்ட்டைத் தாங்கியிலிருந்து பிரிக்கும் நைலான் வாஷரின் சிறிய விளிம்பு தாங்கியின் துளைக்குள் சரியாக இறங்கி உட்கார வேண்டும். அது சாய்ந்தால் போல்ட் உலோகத்தைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும்.

படி 5: மின் இணைப்பு

ரேடியோவுக்கான மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுக்காமல், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்து, பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்கு மிக அருகில் ஃப்யூஸ் பொருத்துங்கள். அதன் ஆம்பியர் அளவு ரேடியோவின் கையேட்டில் இருக்கும்.

படி 6: சோதனையும் சரிசெய்தலும்

ஆன்டெனா இணைக்கப்படாத ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது; வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம். ஆன்டெனாவைத் திருகுவதற்கு முன், கேபிளின் நடுமுனை இரு பக்கமும் தொடர்பில் இருக்கிறதா, அது வெளிப்பின்னலைத் தொடாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். ஆன்டெனாவுடன் சேர்த்து அளந்தால் ஷார்ட் போலத் தெரியலாம். சில ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படித்தான்.

அடுத்து, அனுப்பும் திறன் எந்த அளவுக்குத் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் இடையில் இணைத்து, கட்டடங்கள் இல்லாத திறந்தவெளியில், கதவுகளை மூடி, ஆன்டெனாவின் அருகில் யாரும் நிற்காதபோது அளவிடுங்கள். 1.5க்குக் கீழ் என்றால் மிக நன்று. 2 வரை ஏற்கலாம். 3ஐத் தாண்டினால் காரணத்தைக் கண்டறியும்வரை பேசாதீர்கள். 40 சேனல் சிபியில் 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் அளந்து ஒப்பிட வேண்டும். 40இல் அதிகமாகக் காட்டினால் ஆன்டெனா நீளமாக இருக்கிறது, 1இல் அதிகமாகக் காட்டினால் குட்டையாக இருக்கிறது என்று பொருள். முனையில் உள்ள திருகைத் தளர்த்தி, கம்பியை ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி மீண்டும் அளவிடுங்கள். எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரி உயர்ந்து காட்டினால் கம்பியின் நீளத்தைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஷார்ட்டாகவோ, கிரவுண்ட் இணைப்பின் குறையாகவோதான் இருக்கும்.

எஸ்டபிள்யூஆர் சரியாக இருந்தும் இரைச்சல் மட்டும் கேட்டால் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது இரைச்சல் அடங்குகிறதோ, அதன் ஒயர்களில் ஃபெரைட் கிளிப்பை (ஒயரில் வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் கவ்வியை) மாட்டுங்கள். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் தாங்கியின் போல்ட்டுகளையும் முனைத் திருகையும் மறுபடி இறுக்கிவிட்டு, ஒருமுறை எஸ்டபிள்யூஆரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.