நாஸில், பாட், வாட்டர்ஜெட்: சிறப்பு உந்திகளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

ஒரு கப்பலுக்குச் சாதாரண ப்ரொப்பல்லர் போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்ற பேச்சு வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது திறன் வரைபடத்தைத்தான். எதில் சதவீதம் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கப்பல் எந்த வேகத்தில், எவ்வளவு இழுவையோடு, தன் நேரத்தில் எத்தனை பங்கு ஓடப்போகிறது என்று தெரியாமல் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே கிடையாது.

அடிப்படை இதுதான். தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் எந்த உந்தியும் கப்பலை முன்னே நகர்த்துகிறது. சிறிய வட்டப் பரப்பிலிருந்து பெரிய விசையைக் கேட்டால் தண்ணீரை மிக வேகமாகத் தள்ள வேண்டும். அந்த வேகத்தில் போகும் ஆற்றல் வீண். வட்டப் பரப்பையும் கப்பலின் வேகத்தையும் ஒப்பிட்டால் விசை எவ்வளவு அதிகம் என்று காட்டும் எண்ணுக்கு உந்துசுமைக் குணகம் என்று பெயர். அது 1 என்றால், உராய்வே இல்லாத கற்பனை ப்ரொப்பல்லருக்கும் உச்சத் திறன் சுமார் 83 சதவீதம். 3 என்றால் 67. 8 என்றால் வெறும் 50. ஆகவே சிறப்பு வகைகளைத் தேடும் முன், விட்டத்தைக் கூட்டிச் சுழற்சியைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல சரக்குக் கப்பல்களில் விஷயம் அதிலேயே முடிந்துவிடும்.

சரி, ஆழம் குறைவு, விட்டத்தைக் கூட்ட வழியில்லை, இழுக்க வேண்டிய சுமையோ அதிகம். அப்போதுதான் நாஸிலுக்கு, அதாவது ப்ரொப்பல்லரைச் சுற்றி மாட்டும் வளையத்துக்கு, வேலை. 1930களில் ஜெர்மனியின் லுட்விக் கோர்ட் பரப்பிய இந்த வளையம் சும்மா ஒரு பாதுகாப்புக் கூடு அல்ல. இறக்கை வடிவக் குறுக்குவெட்டு இருப்பதால் அதுவே முன்னோக்கி விசை தருகிறது. கப்பல் நகராமல் இழுக்கும் நிலையில் மொத்த உந்துவிசையில் ஏறக்குறையப் பாதி வளையத்திலிருந்தே வரலாம். இழுவைப் படகுகளிலும் மீன்பிடி இழுவைக் கப்பல்களிலும் அது நிலைத்துவிட்டதற்குக் காரணம் அதுதான். ஆனால் வேகம் ஏற ஏற அந்த உதவி குறைந்து, ஒரு கட்டத்தில் வளையத்தின் உராய்வுத் தடை மட்டுமே மிஞ்சும். இழுவைப் படகில் கிடைத்த லாபத்தைப் பார்த்து வேகமான பயணிக் கப்பலில் நாஸில் மாட்ட நினைப்பது வீண் செலவு.

நாஸிலில் நுணுக்கமான தவறுகளும் உண்டு. பிளேடு நுனிக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளியை விட்டத்தில் ஒரு சதவீதத்துக்குள் வைக்காவிட்டால் கிடைக்க வேண்டிய பலன் கசிந்துவிடும். திறந்த நீருக்கென வடித்த கூர்நுனி பிளேடை அப்படியே உள்ளே பொருத்துவதும் சரியல்ல. அகன்ற நுனி கொண்ட கப்லான் வகைதான் அங்கே பொருந்தும். கேவிட்டேஷன் என்பது அழுத்தம் குறையும் இடத்தில் தண்ணீர் ஆவியாகிக் குமிழிகளாவது; அந்தக் குமிழிகள் உடைந்து, பிளேடு சுழலும் வளையப் பகுதியை அரித்துத் தின்னும் என்பதால் அங்கே துருப்பிடிக்காத எஃகு தகடு வேண்டும். பின்னோக்கி இழுப்பதும் முக்கியம் என்றால் பிரபலமான 19ஏ என்ற நாஸில் வடிவத்தை விட 37ஆம் எண் வடிவம் நல்லது.

பிட்ச்சை, அதாவது பிளேடின் சாய்வை, ஓடும்போதே மாற்றக்கூடிய ப்ரொப்பல்லரை வாங்கினால் எல்லா வேகத்திலும் திறன் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. ஆனால் பிளேடின் பிட்ச் ஒரே ஒரு நிலைக்குத்தான் சரியாகப் பரவியிருக்கும். பிளேடைத் திருப்பியதும் அதன் அடிப்பகுதிக்கும் நுனிக்கும் இடையிலான பொருத்தம் கெடும். ப்ரொப்பல்லரைச் சுழற்றும் எஞ்சினிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஷாஃப்ட் ஜெனரேட்டருக்காகச் சுழற்சியை மாற்றாமல் பிட்ச்சை மட்டும் குறைத்து மெதுவாகப் போனால், உந்துவிசை அதிகம் இல்லாமலே எஞ்சின் கணிசமான ஆற்றலைத் தின்கிறது, பிளேடின் அழுத்தப் பக்கத்தில் கேவிட்டேஷனும் வருகிறது. மெதுவாக ஓடும் நேரம் அதிகம் என்றால் சுழற்சியையும் சேர்த்துக் குறைக்கும் ஏற்பாடு அவசியம்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு, சேமிப்புகளைக் கூட்டுவது. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை (எதிர்ச்சுழல்) ப்ரொப்பல்லருக்கு இத்தனை சதவீதம், ப்ரொப்பல்லருக்கு முன்னால் நீரை எதிர்த்திசையில் சுழலவைக்கும் முன்சுழல் துடுப்புக்கு இத்தனை என்று விளம்பரங்களில் வரும் எண்களை வரிசையாகக் கூட்டிவிடுவார்கள். இரண்டும் மீட்பது பெரும்பாலும் ஒரே இழப்பை: தண்ணீரில் வீணாகும் சுழற்சியை. ஒருமுறை மீட்டதை மறுபடி மீட்க முடியாது.

சேமிப்பு உண்மையானாலும் பாகம் தாங்க வேண்டுமே. 1987இல் குயின் எலிசபெத் 2 என்ற பயணிக் கப்பல் நீராவியிலிருந்து டீசல்-மின் இயக்கத்துக்கு மாறியபோது, வீணாகும் ஆற்றலை மீட்க, ப்ரொப்பல்லர்களுக்குப் பின்னால் நீரோட்டத்தில் தானாகச் சுழலும் கிரிம் சக்கரங்களைப் பொருத்தினார்கள். அவை ப்ரொப்பல்லரை விடப் பெரிய விட்டம் கொண்டவை. கடல் சோதனையிலேயே அவற்றின் இதழ்கள் பல ஒடிந்து போயின, சக்கரங்களைக் கழற்றிவிட்டார்கள். கப்பலின் வால் பகுதியில் நீரோட்டம் ஒருபோதும் சீராக இருக்காது. மெல்லிய நீண்ட இதழுக்கு ஒவ்வொரு சுற்றிலும் மாறும் சுமையால் வரும் உலோகக் களைப்பைக் கணக்கிடாமல் திறனை மட்டும் பேசக் கூடாது.

பாட் என்பது கப்பலின் அடியில் தொங்கி, திசைக்கேற்பத் திரும்பும் கூடு; மின்மோட்டாரும் ப்ரொப்பல்லரும் அதிலேயே இருக்கும். இந்த வகை 1990இல் பின்லாந்தின் செய்லி கப்பலில் தொடங்கி 1998இல் எலேஷன் வழியாகச் சொகுசுக் கப்பல்களுக்கு வந்தது. பழைய உடலில் சுக்கானை எடுத்துவிட்டு இதை மாட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பின்பகுதியின் வடிவத்தையே மாற்ற வேண்டும், அடியில் நீளவாக்கில் நிற்கும் பின்துடுப்பு போனால் நேராகச் செல்லும் தன்மையும் குறையும். பேரிங் கெட்டால் பெரும்பாலும் உலர்துறைக்குத்தான் போக வேண்டும்.

வாட்டர்ஜெட் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி, உள்ளே இருக்கும் பம்பால் பின்னால் பீய்ச்சி ஓடுகிறது. அதில் மறந்துபோவது எடை. குழாய்க்குள் நிற்கும் தண்ணீரையும் கப்பல் சுமக்கிறது. அப்புறம் அதன் உறிஞ்சுவாய்: வேகம் மாறும்போது அதன் உதட்டில் நீர் மோதும் கோணமும் மாறும் என்பதால், உச்ச வேகத்துக்கு மட்டும் வடித்தால் மெதுவான ஓட்டத்தில் கேவிட்டேஷன் வரும். 25 நாட் வேகத்துக்குக் கீழேயே பெரும்பாலும் ஓடும் கப்பலுக்கு, ஆழம் குறைவு போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால், நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக மாதிரிச் சோதனை. நாஸிலோ பாடோ, தனித்தனிப் பாகங்களாகச் சோதித்துப் பிறகு கூட்டாமல் முழுத் தொகுதியாகவே தொட்டியில் சோதிக்க வேண்டும். சிறிய மாதிரியில் வளையத்தின் மேல் ஓடும் நீர் கொந்தளிப்பில்லாமல் படலமாக ஓடக்கூடும், முழு அளவில் அப்படி ஓடாது. அந்த அளவுத் திருத்தத்தை எப்படிச் செய்தார்கள் என்று கேட்காமல் அறிக்கையில் உள்ள வேகத்தை ஒப்பந்தத்தில் எழுதிவிடாதீர்கள்.