சந்தேகம் எல்லாம் ‘டவுட்’ ஆகாது

பெங்களூரு வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு மென்பொருள் அலுவலகத்தில், அமெரிக்க வாடிக்கையாளருடன் நடந்த ஒரு மாலை நேரக் கூட்டத்தில், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த மதுரைக்காரத் தம்பி ஒருவர் ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிசைன்’ என்று மிகப் பணிவாகத் தொடங்கினார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, தரவு எந்த வரிசையில் வந்து சேரும் என்பது மட்டுமே. எதிர்முனையில் இருந்தவரோ, தம் வடிவமைப்பில் குறை சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அது ஏன் சரியானது என்று பத்து நிமிடம் வாதாடினார். கேட்ட விளக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு, ‘நான் என்னண்ணே தப்பாகக் கேட்டுவிட்டேன்?’ என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்டார்.

அவருடைய இலக்கணத்தில் பெரிய பிழை இல்லை. பணிவைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த சொல்தான் வேலையைக் கெடுத்தது. நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்பவர் ஆசிரியர். மாணவர் கேட்பது சந்தேகம். ‘என்னையே கேள்வி கேட்கிறாயா?’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அதில் கோபம் இருக்கிறது. ‘ஐயா, ஒரு சின்ன சந்தேகம்’ என்று தொடங்கினால், குறை, விளக்கிச் சொல்பவரிடம் இல்லை, புரிந்துகொள்ளாத என்னிடம்தான் என்று நாம் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே ‘கொஸ்டின்’ என்ற பெயர்ச்சொல்லில் எந்த உரசலும் இல்லை. ‘டவுட்’தான், நீர் சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை என்ற மறுப்பைச் சுமந்துவருகிறது. பன்மையில் அது இன்னும் கனக்கும். ‘ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபவுட் திஸ் பிளான்’ என்று ஒரு ஆங்கிலேயர் எழுதினால், இந்தத் திட்டம் தேறாது என்று அவர் நாகரிகமாகச் சொல்கிறார் என்று பொருள்.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. வினாவை ஆறாகப் பிரிக்கும் நன்னூல், அறியா வினாவையும் ஐய வினாவையும் தனித்தனியே வைக்கிறது. பொருள் தெரியாத மாணவன் ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்பது அறியா வினா. அரை இருட்டில் கிடப்பதைப் பார்த்து ‘பாம்போ கயிறோ?’ என்று தடுமாறுவது ஐய வினா. ஆங்கிலத்தின் ‘டவுட்’ இரண்டாவதற்கே உரியது. அதன் மூலமான ‘துபிதாரே’ என்ற லத்தீன் வினைச்சொல், இரண்டு என்னும் பொருளுடைய ‘துவோ’வின் உறவுக்காரச் சொல், இரண்டு எண்ணங்களுக்கு நடுவே மனம் ஊசலாடுவதுதான் அதன் அடிப்படை. (அந்தச் சொல்லில் ஒலிக்காத ‘பி’ எழுத்து ஒன்று நிற்பதும் இந்த மூலத்தால்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து இல்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலப் படிப்பாளிகள் எழுத்தில் மட்டும் சேர்த்தார்கள். ஆகவே ‘டவுப்ட்’ என்று உச்சரிக்க வேண்டியதில்லை.) தரவின் வரிசையைக் கேட்ட தம்பிக்கு இரண்டு எண்ணங்கள் இருக்கவில்லை, ஒன்றுமே தெரியாதிருந்தது. அவருடையது அறியா வினா. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி டிசைன்’ என்பதே அதற்குப் போதும். ‘குட் யூ கிளாரிஃபை’ என்று தொடங்கினாலும் பழுதில்லை.

இதற்காக ‘டவுட்’ என்று கேட்கும் இந்தியரை எள்ளி நகையாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நம் பயிற்சி மையங்களில் ‘டவுட் கிளியரிங்’ வகுப்பு என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஸ்பானிஷ்காரர்களும் தங்கள் மொழியில் ‘துதா’ என்ற சொல்லை ஐயத்துக்கும் சாதாரணக் கேள்விக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். பிறநாட்டவருக்கு எழுதும்போதுதான் கவனம் தேவை. அங்கே ‘டவுட்’டைக் ‘கேட்க’ முடியாது. கேட்கப்படுவது கேள்வி, எழுப்பப்படுவது ஐயம். முன்னிடைச்சொல்லும் ‘இன்’ அன்று, ‘அபவுட்’. ஒன்றின் நம்பகத்தன்மையைக் குலைப்பதைச் சொல்லும் ‘காஸ்ட் டவுட் ஆன்’ போன்ற தொடர்களில் ‘ஆன்’ சரியாக வரும்.

கேள்வியை டவுட் என்றால் மனவருத்தம்தான் மிஞ்சும். ‘சஸ்பெக்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘டவுட்’ வந்தால் பொருளே கவிழ்ந்துவிடும் என்பதால், இதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ், கன்னடம், இந்தி, மலையாளம் என்று பல மொழிக்காரர்கள் இருப்பதால் பொது அறிவிப்புகள் ஆங்கிலத்திலேயே வரும். ஒருமுறை வாசலில் வைத்த பார்சல் ஒன்று காணாமல் போனபோது, அதைப் பறிகொடுத்தவர் ‘ஐ டவுட் தட் தி டிரைவர் டுக் இட்’ என்று எழுதினார். டிரைவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன் என்பது அவர் எண்ணம். ஆங்கிலத்தில் அவர் எழுதியதோ, டிரைவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது. குற்றம் சாட்ட உட்கார்ந்தவர், தம்மை அறியாமலே நற்சான்று வழங்கிவிட்டார்!

தமிழில் ‘சந்தேகப்படு’ என்ற ஒரே வினை, ஒன்று நடந்திருக்காது என்ற அவநம்பிக்கைக்கும், ஒன்று நடந்திருக்கும் என்ற ஊகத்துக்கும் பொதுவாக நிற்கிறது. வாக்கியத்தின் போக்கே எது என்று காட்டிவிடும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிட்டது. நடந்திருக்காது என்று நினைத்தால் ‘டவுட்’, நடந்திருக்கும் என்று நினைத்தால் ‘சஸ்பெக்ட்’. ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவர் சொல்வதை நம்பவில்லை என்றும், ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவர்தான் செய்திருப்பார் என்றும் பொருள். நம் நாளிதழ்களில் தினமும் வரும் ‘சந்தேகத்தின் பேரில் கைது’ என்பதை மொழிபெயர்க்கும்போது ‘ஆன் சஸ்பிஷன்’ என்றுதான் எழுத வேண்டும். அதே நாளிதழில், வழக்கு முடிந்து ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்று வருமே, அங்கே இருப்பது ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’. ஒரே மனிதரைச் சிறைக்கு அனுப்பிய சந்தேகமும் வெளியே விட்ட சந்தேகமும் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு. சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தக் கோடு இவ்வளவு அழுத்தமாக இல்லை. ஸ்காட்லாந்தில் இன்றும் ‘டவுட்’ என்ற சொல்லால், மழை வந்துவிடும் போலிருக்கிறதே என்று அஞ்சுவதைக் குறிப்பதுண்டு. நம் ஊரிலோ, கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரர் ‘அனுமான’ என்றால் சந்தேகத்தைச் சொல்கிறார். நமக்கு அனுமானம் என்றால் ஊகம்.

‘நோ டவுட்’ என்பதைச் சந்தேகமே இல்லை என்று சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதும் சரியன்று. ‘நோ டவுட் ஹி இஸ் பிஸி’ என்பதில் இருப்பது உறுதியைவிட ஊகமே அதிகம். அவர் வேலையாகத்தான் இருப்பார் போலும் என்ற அளவுக்குத்தான் அது தாங்கும். பின்னால் ஒரு ‘பட்’ வரப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பாகவும் அது வரும். அடித்துச் சொல்ல வேண்டுமானால் ‘வித்தவுட் எ டவுட்’ அல்லது ‘அன்டவுட்டட்லி’ வேண்டும். ‘டவுட்ஃபுல்’ என்பது ஆளைப் பற்றியும் செய்தியைப் பற்றியும் வரும்: ‘ஐ ஆம் டவுட்ஃபுல்’ என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு விளையாட்டு வீரரை அப்படிச் சொன்னால் அவர் ஆடுவது நிச்சயமில்லை. ஆளின் நேர்மையையே ஐயுறும்போது ‘டூபியஸ்’ பொருத்தமாக அமையும்.

ஒருபொருட் சொற்கள் என்று பட்டியலில் வருபவற்றை அப்படியே மாற்றி வைப்பதும் ஆபத்து. ‘மிஸ்கிவிங்’ என்பது, இது நல்லபடியாக முடியுமா என்று உள்ளுக்குள் எழும் கலக்கம். ‘குவாம்’ என்பது, இப்படிச் செய்யலாமா என்ற மனச்சாட்சியின் உறுத்தல். கணக்கில் கைவைக்கத் தயங்குபவருக்கு இருப்பது அது. ‘அன்சர்ட்டன்ட்டி’ மனத்தைவிட நிலைமையைச் சார்ந்தது: பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதில் நமக்கு இருப்பது அதுவே. ‘ஸ்கெப்டிசிசம்’ என்பது சான்று கேட்டே எதையும் ஏற்கும் பழக்கம்.

இவ்வளவையும் அந்தத் தம்பிக்குச் சொல்லி, இனி ‘டவுட்’டை விட்டுக் ‘கொஸ்டின்’ போடுங்கள் என்று முடித்தேன். மறுவாரம் அனுப்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். முதல் வரி: ‘ஐ கொஸ்டின் யுவர் டிசைன்’. ‘கொஸ்டின்’ வினைச்சொல்லாகும்போது, நம் ஊர்ப் பெரியவருக்குக் கோபம் வருகிற அதே ‘கேள்வி கேட்பது’ ஆகிவிடும் என்பதைச் சொல்ல நான் மறந்திருந்தேன். நல்லவேளை, ‘ஐ’க்கும் ‘கொஸ்டின்’க்கும் நடுவே ‘ஹேவ் எ’ என்றும், அதன்பின் ‘அபவுட்’ என்றும் சேர்த்த பிறகே அந்தக் கடிதம் கிளம்பியது.