குதிகால் வலி: கட்டிலை விட்டு இறங்கும் முன்பே தொடங்க வேண்டிய பயிற்சி

காலையில் எழுந்து தரையில் முதல் அடி வைத்ததுமே குதிகாலில் ஆணி இறங்கினாற்போல ஒரு குத்து. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் மட்டுப்படும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் திரும்பவும் குத்தும். குதிகால் வாதம் என்று வீட்டில் சொல்வதும், பிளான்டர் ஃபேஷியைட்டிஸ் என்று டாக்டர் எழுதித் தருவதும் பெரும்பாலும் இதைத்தான்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்கால் நெடுக ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. அது எலும்போடு ஒட்டும் இடம் நைந்துபோவதால்தான் வலி. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடக்கும். பட்டையும் இரவு முழுக்கத் தளர்ந்தே இருந்து விறைத்துவிடும். விடிந்ததும் உடம்பின் மொத்தப் பாரத்தையும் திடீரென அதன்மேல் ஏற்றினால் குத்தாமல் என்ன செய்யும்?

வலி குதிகாலில் என்றாலும் பாதி வேலை கெண்டைக்காலில் இருக்கிறது. கெண்டைச்சதை இறுகிப்போனவருக்கு நடக்கையில் கணுக்கால் முன்பக்கம் போதுமான அளவு மடங்காது. அந்தக் குறையை உள்ளங்கால் தட்டையாகி ஈடுகட்டும்; பட்டை அடிக்கு அடி கூடுதலாக இழுபடும். குதிகாலை மட்டும் நீவிக்கொண்டே இருந்தால் தீராது என்பது இதனால்தான்.

முதலில் இரண்டு சோதனைகள்

குதிகாலின் அடிப்பக்கம், மெத்தென்ற சதை முடியும் இடத்தில், உள்ளோரமாகக் கட்டை விரலால் அழுத்துங்கள். 'அங்கேதான்' என்று சுள்ளென்று வலித்தால் இந்தப் பயிற்சி உங்களுக்குத்தான். குதிகாலின் பின்பக்கம், செருப்பு வார் உரசும் இடத்தில் வலி என்றால் அது வேறு விவகாரம்.

அடுத்தது சுவர்ச் சோதனை. சுவருக்கு நேராகப் பாதத்தை வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். தொட முடிந்த கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து குறித்து வையுங்கள். 10 செ.மீ. அளவுக்கு இருந்தால் நல்லது. அதைவிட நன்றாகக் குறைந்தாலோ, ஒரு காலுக்கும் மறு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கெண்டைக்காலைக் கவனித்தே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதே போல அளந்து பாருங்கள்.

1. விரல் இழுப்பு: தரையில் கால் படும் முன்

கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களை அவற்றின் அடிப்பகுதியில் பிடித்து, முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் விரல் மூட்டுதான் நோகும். பட்டைக்கு ஒன்றும் நடக்காது. சரியாக இழுக்கிறோமா என்று தெரிந்துகொள்ள, மறு கையின் கட்டை விரலால் உள்ளங்காலின் நடுக்குழியைத் தடவிப் பாருங்கள். முறுக்கேறிய கயிறு போலப் பட்டை தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் இழுப்பு போதவில்லை.

10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, அதில் முதல் வேளை கண்டிப்பாக எழுந்து நிற்கும் முன். நெடுநேரம் உட்கார்ந்து எழும் முன்பும் நாலு தடவை இழுத்துக்கொள்ளலாம். முழங்கால் வலியாலோ தொப்பையாலோ காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள் காலை நீட்டி, தேங்காய்ப்பூத் துண்டை விரல்களின் அடியில் கொடுத்து இரு கையாலும் இழுக்கலாம்.

2. சுவரைப் பிடித்துக் கெண்டைக்கால்

இரு கைகளையும் சுவரில் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வையுங்கள். பின்காலின் முழங்கால் நேராக, குதிகால் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். முன்கால் முழங்காலை மடக்கிக்கொண்டே இடுப்பைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோங்கள். கெண்டைக்காலின் மேல்பகுதியில் இழுப்பு தெரியும். 30 விநாடி, 3 தடவை.

பிறகு அதே நிலையில் பாதத்தைச் சற்று முன்னால் நகர்த்தி, பின்கால் முழங்காலையும் மடக்குங்கள். இழுப்பு இப்போது கணுக்காலுக்குச் சற்று மேலே இறங்கிவரும். கெண்டைக்காலில் இருப்பவை இரண்டு பெரிய தசைகள். மேலே உள்ளது முழங்காலைத் தாண்டிப் போய் ஒட்டுவதால், கால் நேராக இருந்தால்தான் நன்றாக நீளும். முழங்காலை மடக்கினால் அது தளர்ந்து, வேலை உள்தசைக்குப் போகும். இதையும் 30 விநாடி, 3 தடவை. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கே நடக்கிற பெரிய பிழை ஒன்று: பின்கால் பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். திரும்பினால் பாதத்தின் உட்பக்கம் சரிந்து, கெண்டைக்கால் நீளுவதற்குப் பதில் உள்ளங்கால் தட்டையாகும். எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே இழுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது விரல் சுவரை நேராகப் பார்க்கட்டும். பாதம் அப்போதும் உள்ளே சரிந்தால் உட்குழிவின் அடியில் மடித்த துணி ஒன்றைக் கொடுங்கள். கணுக்காலின் முன்பக்கம் நெருக்கிப் பிடித்தாற்போல இருந்தால் நீளுவது தசை அல்ல, மூட்டு இடிக்கிறது. இடுப்பைப் பின்னுக்கு எடுங்கள்.

ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். பத்துக்கு மூன்று, நான்கு அளவில் இழுப்பு போதும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் தசை எதிர்த்து இறுகும்.

3. இரண்டு மூன்று வாரம் கழித்து

காலை வலி குறையத் தொடங்கியதும் பலம் சேர்க்கலாம். மாடிப்படி விளிம்பில், விரல்களின் கீழே சுருட்டிய துண்டு இருக்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறக்குங்கள். 12 தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் இரு காலாலும், பழகியதும் வலிக்கும் காலால் மட்டும். எடுத்த எடுப்பில் இதைத் தொடங்கினால் வலி கூடிவிடலாம்.

நாள் முழுக்கக் கிரானைட், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமையலறையில் நின்றால் காலைப் பயிற்சியின் பலன் மதியத்துக்குள் கரைந்துவிடும். வீட்டுக்குள்ளும் குதிகால் மெத்தென்ற செருப்பு போடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு ஆகாது. எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்றதும் பதற வேண்டாம்; வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது. சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் ஒன்று: சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் அதைச் செய்யவே கூடாது. சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

காலை வலி குறைய சில வாரம், முழுதாகப் போகச் சில மாதம் பிடிக்கும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. 'டப்' என்று அறுந்தாற்போலத் தொடங்கிய வலி, பாதத்தில் எரிச்சலோ மரமரப்போ, குதிகாலை இருபுறமும் அமுக்கினால் உயிர்போகும் வலி, இவற்றுக்கு டாக்டரைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை நீட்டி இழுக்கவும் கூடாது, எண்ணெய் போட்டு உருவவும் கூடாது; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.